பேய்க்கும் பௌதிகத்துக்கும் ஒரே விளக்கு

2000-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதல் பன்னிரண்டு இரவுகளில் லண்டன் சோஹோ சதுக்கத்து மரங்கள் பேசின. கிளைகளிலும் இலைகளிலும் ஒரு பெண்ணின் முகம் விரிந்து, கண்ணை உருட்டி, ஏதோ முறையிட்டது. தரையிலிருந்து எழுந்த புகையில் இன்னொரு முகம் கூடிவந்து கலைந்துபோனது. எதிரிலிருந்த கட்டடத்தின் சுவரை ஒரு ராட்சதக் கை தட்டிக்கொண்டே இருந்தது. இதற்கு முந்தைய மாதம் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கப் பூங்காவிலும் இதே காட்சி நடந்தது. 1957-இல் நியூயார்க்கில் பிறந்த டோனி அவுர்ஸ்லர் என்ற கலைஞர் அமைத்த இந்தப் படைப்பின் பெயர் ‘தி இன்ஃபுளுயன்ஸ் மெஷின்’.

தட்டையான வெள்ளைத் திரையைக் கைவிட்டு, பொம்மை, மரம், சிலை, புகை என்று உடம்புள்ள ஒன்றின் மேல் வீடியோவைப் பாய்ச்சுவதுதான் வீடியோச் சிற்பம். இதைப் புதிய தொழில்நுட்பத்தின் குழந்தை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இதன் பௌதிகமும் கணிதமும் மட்டுமல்ல, இதிலுள்ள பேய்களும்கூட பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் காலத்திலிருந்து வந்தவை. எல்லாவற்றையும் பகுத்தறிவால் அளந்துவிடலாம் என்று நம்பிய அதே தலைமுறைதான் இருட்டறையில் பேய் காட்டும் கலையையும் நுணுக்கமாக வளர்த்தெடுத்தது. இரண்டுக்கும் விளக்கு ஒன்றே.

முதலில் அந்தப் பேய்க் காட்சி. இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் 1763-இல் பிறந்த எத்தியென்-காஸ்பார் ராபர்ட்சன், பௌதிகம் கற்பித்தவர், ஓவியர், பிற்காலத்தில் பலூனில் வானேறியவர். எதிரிக் கப்பல்களை ராட்சதக் கண்ணாடிகளால் சூரிய ஒளியைக் குவித்து எரிக்கலாம் என்று 1796-இல் பிரெஞ்சு அரசுக்கு யோசனை சொன்னவர். அரசு அதைக் கண்டுகொள்ளவில்லை. 1798 ஜனவரியில் அவர் பாரிஸில் ‘ஃபான்டஸ்மகோரியா’ என்ற காட்சியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அதைக் கைவிடப்பட்டிருந்த கப்புச்சின் கன்னிமாடம் ஒன்றுக்கு மாற்றினார். பார்க்க வந்தவர்கள் முதலில் மின்சாரமும் ஒளியியலும் காட்டும் ஓர் ஆய்வறையைக் கடந்து, பிறகு இருட்டுக்குள் போனார்கள். அங்கே சிறு புள்ளியாகத் தோன்றிய உருவம் வளர்ந்து, பெருத்து, தங்கள் மேலேயே பாய்ந்து வருவதாகக் கண்டு அலறினார்கள்.

மாய லாந்தர் என்னும் கருவி அப்போது புதிதல்ல. டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659-லேயே, தன் தலையைத் தானே கழற்றும் எலும்புக்கூட்டின் படங்களை அதற்காக வரைந்து வைத்திருக்கிறார். விளக்கு, அதன் ஒளியைக் குவிக்கும் வில்லை, வண்ணம் தீட்டிய கண்ணாடிச் சில்லு, முன்னால் இன்னொரு வில்லை: அவ்வளவுதான் கருவி. ராபர்ட்சன் கையாண்டவை மூன்று மாற்றங்கள். லாந்தரைச் சக்கரங்களில் ஏற்றினார். மெழுகு தேய்த்த துணித் திரைக்குப் பின்னால் அதை ஒளித்துவைத்தார். கண்ணாடிச் சில்லில் உருவத்தைத் தவிர மீதி இடம் முழுவதற்கும் கறுப்புப் பூசினார்.

இந்த மூன்றாவது மாற்றத்தில்தான் இன்றைய வீடியோச் சிற்பத்தின் உயிர் இருக்கிறது. கறுப்பு பூசிய இடத்தில் ஒளி போகாது. ஒளி போகாத இடத்தில் திரையே கண்ணுக்குத் தெரியாது. படத்துக்கு இருந்த நான்கு விளிம்புகளும் அழிந்து, உருவம் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அவுர்ஸ்லர் நடிகர்களைக் கறுப்புப் பின்னணியில் படமெடுத்ததும், இன்று கோபுரங்களின் மேலும் கோட்டைகளின் மேலும் வீடியோ பாய்ச்சுகிறவர்கள் கணினியில் முதலில் விளிம்பைக் கறுப்பால் மறைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

சக்கரத்தின் வேலையும் சாதாரணமானதல்ல. லாந்தர் திரையைவிட்டு விலக விலக உருவம் பெரிதாகும். ஆனால் வில்லையை அசைக்காமல் விட்டால் படம் மங்கிக் குழம்பும். வில்லைக்கும் சில்லுக்கும் உள்ள தூரத்தை ஒவ்வொரு கணமும் திருத்தியாக வேண்டும். கூடவே வெளிச்சமும் குறையும். தூரம் இருமடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் கால் பங்குதான் கிடைக்கும். கிட்டே வரும் பேய் மங்கலாகிக்கொண்டே வந்தால் யார் பயப்படுவார்கள்? ஆகவே வில்லையின் திறப்பையும் வண்டியின் ஓட்டத்தோடு சேர்த்துப் பெரிதாக்கினார் ராபர்ட்சன். பார்வையாளர் கண்டது பேய்; திரைக்குப் பின்னால் நடந்தது இருபடி எதிர்விகித விதியோடு ஒரு மனிதர் நடத்திய போராட்டம்.

அந்தக் காலத்து வர்ணனை ஒன்றின்படி, அங்கே இடி விழுந்து பொடியான பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபஸ்பியரை அடுத்து, வோல்டேர், ரூசோ, லவாய்சியே ஆகியோரின் நிழல்கள் தோன்றின. லவாய்சியே நவீன வேதியியலைக் கட்டியெழுப்பியவர். 1794 மே 8 அன்று கில்லட்டினில் தலையிழந்தவர். தன் அறிஞரைக் கொன்றுவிட்ட நகரம், ஐந்தே ஆண்டுகளில் அவரை ஒளியாக அழைத்துப் பார்த்திருக்கிறது. இந்தத் துயரத்தைத் தவறவிட்டு ஃபான்டஸ்மகோரியாவை வெறும் கேளிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராபர்ட்சன் தான் காட்டுவது பௌதிகம்தான், ஆவி அல்ல என்று சொல்லிக்கொண்டார். ஆனால் கருவியைக் காட்டவில்லை. உதவியாளர்களாக இருந்தவர்கள் போட்டிக்குக் காட்சி தொடங்கியபோது அவர் வழக்குத் தொடுக்க, அந்த வழக்காலேயே அவர் ரகசியம் வெளியே வந்தது. விளக்கம் சொல்வதற்கும் விளங்க வைப்பதற்கும் நடுவில் அவர் நின்றுவிட்டார். இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டு அவுர்ஸ்லரிடம் திரும்புவோம்.

‘இன்ஃபுளுயன்ஸ் மெஷின்’ என்ற பெயருக்குள் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று, நிலைமின்சாரத்தை உண்டாக்கும் இயந்திரம். நியூட்டன் தலைமையிலிருந்த ராயல் சொசைட்டியில் சோதனைகள் செய்துகாட்டும் பொறுப்பில் இருந்த ஃபிரான்சிஸ் ஹாக்ஸ்பி, காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடி உருண்டையைச் சுழலவிட்டு அதன் மேல் கையை வைத்தார். உருண்டைக்குள் ஊதா ஒளி படர்ந்தது. 1705, 1706 ஆண்டுகளில் நடந்த இந்தச் சோதனைகளில், நெருப்பே இல்லாத வெளிச்சத்தை மனிதர்கள் கண்டார்கள். அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்த இயந்திரங்களுக்குத்தான் இந்தப் பெயர் அமைந்தது.

மற்றொன்று, வியன்னாவின் உளப்பகுப்பாய்வாளர் விக்டர் டவுஸ்க் 1919-இல் எழுதிய கட்டுரை. தங்கள் மனத்தை எங்கிருந்தோ ஓர் இயந்திரம் ஆட்டுவிப்பதாக நம்பும் மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றியது அது. அந்த இயந்திரம் தங்களுக்குப் படங்கள் காட்டுகிறது என்று அவர்கள் சொல்வதையும், அப்போது அது பெரும்பாலும் மாய லாந்தராகவோ சினிமாக் கருவியாகவோ இருப்பதையும் டவுஸ்க் குறித்திருக்கிறார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி லண்டன் தேயிலை வணிகர் ஜேம்ஸ் டில்லி மாத்யூஸ். 1797-இல் பெத்லம் மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்ட அவர், நிலவறையில் பதுங்கியிருக்கும் ஒரு கும்பல் வாயுக்களாலும் காந்தத்தாலும் இயங்கும் ‘காற்றுத் தறி’யைக் கொண்டு தன் எண்ணங்களை நெய்கிறது என்றார். மருத்துவமனையின் மருந்தாளர் ஜான் ஹாஸ்லம் 1810-இல் இதை நூலாக்கினார். மாத்யூஸே வரைந்த இயந்திரத்தின் படமும் அதில் உண்டு. வாயுக்களின் வேதியியலும் காந்த சிகிச்சையும் அன்றைய பத்திரிகைகளில் பரபரப்பாகப் பேசப்பட்ட காலம் அது. அறிவியல் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கும்போதெல்லாம் நம் அச்சமும் அதையே எடுத்து உடுத்திக்கொள்கிறது.

சோஹோவில் மரங்களுக்கிடையே ஒலித்த இசையை டோனி கான்ராட் கண்ணாடி ஹார்மோனிகாவில் அமைத்திருந்தார். ஈரவிரலால் தேய்த்து ஒலி எழுப்பும் அந்தக் கருவியை 1761-இல் உருவாக்கியவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். காந்த சிகிச்சை என்று சொல்லி ஐரோப்பாவைக் கலக்கிய மெஸ்மர், நோயாளிகளைத் தன்வசப்படுத்த இதே கருவியை வாசித்தார். அந்த மெஸ்மரின் முறையை ஆராய 1784-இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவின் தலைவரும் ஃபிராங்க்ளின்தான். லவாய்சியேயும் அதில் உறுப்பினர். பாஸியில் ஃபிராங்க்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்தைக் ‘காந்தமேற்றி’விட்டு, கண் கட்டிய சிறுவன் ஒருவனை வேறு மரங்களிடம் அழைத்துப் போனார்கள். நான்காவது மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். அந்த மரத்துக்குக் காந்தமே ஏற்றப்படவில்லை. வேலை செய்வது காந்தமல்ல, கற்பனை என்று குழு முடிவு சொன்னது. கண்ணைக் கட்டி மருத்துவத்தைச் சோதிக்கும் முறைக்கு இது மிகப் பழைய முன்மாதிரிகளில் ஒன்று. மரத்திடமிருந்து தாக்கம் வருவதாக நம்பிய அந்தச் சிறுவனுக்கும், பேசும் மரத்தின் முன் நின்ற சோஹோ கூட்டத்துக்கும் நடுவே 216 ஆண்டுகள்.

சோஹோ சதுக்கத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ராயல் சொசைட்டியின் தலைவராக நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்த ஜோசப் பாங்க்ஸின் வீடு அங்கேதான், 32-ஆம் எண். சதுக்கத்திலிருந்து கிளம்பும் ஃபிரித் தெருவில், 22-ஆம் எண் கட்டடத்தில், 1926 ஜனவரி 26 அன்று ஜான் லோகி பெயர்ட் அறிஞர்களுக்குத் தொலைக்காட்சியைச் செய்துகாட்டினார். அவருடைய சோதனைகளின் முதல் நடிகர் ஒரு மனிதரல்ல. ஸ்டூக்கி பில் என்ற பேசும்பொம்மைத் தலை. விளக்குகளின் வெப்பத்தை மனித முகம் தாங்காது என்பதால் பொம்மை.

அவுர்ஸ்லரும் பொம்மையிலிருந்துதான் இங்கே வந்தார். 1990-களின் தொடக்கத்தில் துணியால் பொம்மை தைத்து, முட்டை வடிவ வெள்ளைத் தலையில் நடிகரின் முகத்தைப் பாய்ச்சத் தொடங்கினார். அதற்கு முன் ஏன் முடியவில்லை என்பதற்குக் கருவியில் விடை இருக்கிறது. பழைய வீடியோ புரொஜெக்டரில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படக்குழாய்கள், மூன்று வில்லைகள். மூன்று படங்களும் குறிப்பிட்ட தூரத்திலுள்ள தட்டைத் திரையில் மட்டும் ஒன்றுசேரும்படி பொறுமையாகத் திருகித் திருகிப் பொருத்த வேண்டும். மிகக் கனமான அந்தக் கருவியைத் தரையில் கிடக்கும் துணிப்பொம்மையின் மேல் திருப்ப முடியாது. 1980-களின் இறுதியில் கடைக்கு வந்த திரவப் படிகப் புரொஜெக்டர்கள் இந்தக் கட்டை அவிழ்த்தன. இரண்டு தளவிளைவுத் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் ஒளியின் அதிர்வுத் தளத்தை முறுக்கிவிடுகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழ்கிறது. இப்படி ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு கதவாகிறது. நிறங்கள் கருவிக்குள்ளேயே சேர்ந்து ஒரே வில்லை வழியாக வெளியேறுவதால், எந்தத் தூரத்திலும் எந்த மேட்டிலும் பாய்ச்சலாம்.

பொம்மைத் தலையில் மூக்கோ கண்ணோ வைக்காததும் கணக்குப்போட்டுச் செய்ததுதான். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1969-இல் திறந்த பேய்வீட்டில், பாடும் மார்பளவுச் சிலைகளின் மேல் சினிமாப் படத்தைப் பாய்ச்சினார்கள். அங்கே சிலைக்கு மூக்கும் வாயும் செதுக்கப்பட்டிருந்தன. படத்திலுள்ள மூக்கு சிறிது நகர்ந்தாலும் மாயம் கலைந்துவிடும். அவுர்ஸ்லரின் வழுவழுத் தலையில் மேடுபள்ளத்தை நிரப்புவது நம் மூளை. முகம் போல் ஏதாவது தெரிந்தாலே அதை முகமாக்கிவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது.

இனி அளக்கும் பக்கம். இதில் என் நாயகர் ராபர்ட்சனோ அவுர்ஸ்லரோ அல்ல. யோஹான் ஹைன்ரிஹ் லாம்பெர்ட். முலூஸ் நகரத்துத் தையற்காரரின் மகன், 1728-இல் பிறந்தவர், பெரும்பாலும் தானாகவே படித்து பெர்லின் அகாதமி வரை உயர்ந்தவர். 1760-இல் அவர் வெளியிட்ட ‘ஃபோட்டோமெட்ரியா’ ஒளியின் அளவைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தது. அவரிடம் ஒளிமானி இல்லை. மெழுகுவர்த்திகளையும் வெள்ளைப் பரப்பையும் தன் கண்ணையும் வைத்தே ஆராய்ந்தார். ஒரு வெளிச்சம் எத்தனை மடங்கு என்று கண்ணால் சொல்ல முடியாது. ஆனால் அருகருகே உள்ள இரண்டு வெளிச்சங்கள் சமமா என்று நுட்பமாகச் சொல்ல முடியும். அந்தச் சமத்தை மட்டும் அவர் கண்ணிடம் கேட்டார்.

அவர் நிறுவிய கொசைன் விதி இன்றி இன்று எந்தச் சிலைமேலும் வீடியோ ஒழுங்காக விழாது. ஒளி நேராக விழும் பரப்புக்கு முழு வெளிச்சம். பரப்பு 60 பாகை சாய்ந்தால் பாதி. 5 மீட்டர் தூரத்தில் புரொஜெக்டர், 20 சென்டிமீட்டர் ஆழ வேறுபாடுள்ள ஒரு சிலை முகம் என்று வைத்துக்கொள்வோம். மூக்கு நுனிக்கும் காதோரத்துக்கும் தூர வேறுபாட்டால் வரும் வெளிச்ச வித்தியாசம் ஏறக்குறைய 8 விழுக்காடுதான். ஆனால் கன்னம் 60 பாகை திரும்பும் இடத்தில் பாதி வெளிச்சம் போய்விடுகிறது. ஆக, ஆழத்தைவிடச் சாய்வுதான் முக்கியம். கணினி ஒவ்வொரு புள்ளியின் சாய்வையும் அறிந்து, சாய்ந்த இடத்துக்குக் கூடுதல் ஒளியும் நேரான இடத்துக்குக் குறைந்த ஒளியும் தந்தால்தான் முகம் ஒரே சீராகத் தெரியும். சாய்வில் படப்புள்ளிகளும் நீளும்: 20 மீட்டர் அகலச் சுவரில் 1920 புள்ளிகளைப் பரப்பினால் ஒரு புள்ளி ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல், 60 பாகை சாய்வில் அதுவே இரண்டு சென்டிமீட்டருக்கு மேல்.

லாம்பெர்ட் இதோடு நிற்கவில்லை. 1759-இல் தூரத்துக்கேற்ப வரையும் தோற்றவியல் பற்றி எழுதிய நூலில் ஒரு தலைகீழ்க் கேள்வியும் கேட்டார்: வரைந்து முடித்த படத்தைக் கொடுத்தால், வரைந்தவரின் கண் எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க முடியுமா? இன்று புரொஜெக்டரைச் சிலையோடு பொருத்தும் மென்பொருள் தீர்ப்பது இதே கேள்வியைத்தான். புரொஜெக்டர் என்பது தலைகீழான கேமரா. கேமராவுக்குள் வரும் கதிர்கள் இதில் வெளியே போகின்றன. அது நிற்குமிடம், திரும்பியிருக்கும் திசை, வில்லையின் தன்மை ஆகியவற்றைச் சேர்த்தால் அறிய வேண்டியவை 11 எண்கள். சிலையில் ஒரே தளத்தில் அமையாத 6 புள்ளிகளைப் படத்தின் புள்ளிகளோடு இணைத்தால் 12 சமன்பாடுகள் கிடைக்கும், விடை வந்துவிடும்.

இதைச் செய்துகாட்டியவர்களில் ஒருவர் நாசிக்கில் பிறந்த ரமேஷ் ராஸ்கர். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் அவரும் கூட்டாளிகளும், ஒரு நிறமும் இல்லாத வெள்ளைத் தாஜ்மகால் மாதிரியை வைத்து, புரொஜெக்டர்களாலேயே அதற்குப் பளிங்கின் தோற்றத்தையும் பகல் இரவு வெளிச்சத்தையும் கொடுத்தார்கள். ‘ஷேடர் லாம்ப்ஸ்’ என்று 2001-இல் வெளியான அந்த ஆய்வு, பிறகு வந்த பிரம்மாண்டக் கட்டடக் காட்சிகள் பலவற்றுக்கும் அடிப்படை தந்தது. இரண்டு புரொஜெக்டர்களின் ஒளி ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் தழும்புபோல் பிரகாசம் தெரியாமல் இருக்க, ஒன்றைத் தேயவிட்டு மற்றதை வளரவிடும் கணக்கையும் அவர்கள் தந்தார்கள். எந்தக் கணக்காலும் ஆகாதது ஒன்று உண்டு: புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. அது ஒளியைக் கூட்டும், கழிக்காது. தெருவிளக்கு ஒன்று எரிந்தாலும் அதன் கறுப்பு சாம்பலாகிவிடும்.

இவ்வளவு திறன் கைக்கு வந்தபின் அதை எதற்குப் பயன்படுத்துவது? பெரும்பாலான கட்டடக் காட்சிகள் சுவரை இடித்து, பூக்கவிட்டு, மீண்டும் அடுக்கி, கைதட்டலோடு முடிகின்றன. கண்ணுக்கு விருந்துதான், மனத்துக்கு ஒன்றுமில்லை. இதற்கு நேரெதிர், 1943-இல் வார்சாவில் பிறந்த கிறிஸ்டோஃப் வோடிச்கோ. 2012-இல் நியூயார்க் யூனியன் சதுக்கத்து லிங்கன் சிலையின் மேல், வியட்நாம், இராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியவர்களின் முகங்களையும் கைகளையும் பாய்ச்சினார். வெண்கல லிங்கன், தூக்கமற்ற இரவுகளைப் பற்றியும் இழந்த நண்பர்களைப் பற்றியும் அவர்கள் குரலில் பேசினார். 2020 ஜனவரியில், அவுர்ஸ்லரின் பேய்கள் உலவிய அதே மேடிசன் சதுக்கப் பூங்காவில், 1881-இல் நிறுவிய கடற்படைத் தளபதி ஃபராகட்டின் சிலை மேல் 12 அகதிகளைப் பேசவைத்தார். பொதுவெளியில் ஒவ்வொருவரும் தம் அறிவைக் கொண்டு பேசும் சுதந்திரம் வேண்டும் என்று ஜெர்மன் தத்துவஞானி கான்ட் எழுதியது 1784-இல், மெஸ்மரை விசாரித்த அதே ஆண்டில். அந்தச் சுதந்திரம் கிடைக்காதவர்களுக்குச் சிலையின் வாயை இரவல் வாங்கித் தந்தது இந்தப் படைப்பு. அறிவொளிக் காலத்தின் வாக்குறுதிகளில் எனக்கு மிகவும் வேண்டியது இதுதான்.

அவுர்ஸ்லருக்கும் வோடிச்கோவுக்கும் பொதுவான நேர்மை ஒன்று உண்டு: கருவியை அவர்கள் ஒளிப்பதில்லை. அவுர்ஸ்லரின் கண்காட்சிகளில் புரொஜெக்டர் பொம்மைக்கு எதிரிலேயே முக்காலியில் நிற்கும். கம்பிகள் தரையில் ஓடும். மாயம் எங்கிருந்து வருகிறது என்று கண்ணாரப் பார்த்தபடியே பொம்மையின் அழுகைக்கு மனம் கலங்குகிறது. ராபர்ட்சன் தாண்டாத இடைவெளியை இவர்கள் தாண்டியிருக்கிறார்கள்.

பள்ளியிலும் கல்லூரியிலும் அறிவியல் கற்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரொஜெக்டர் இருக்கும் வகுப்பறைகள் இன்று ஏராளம். பாடப் படங்களைக் காட்டிய பிறகு விளக்குகளை அணைத்து, ஒரு வெள்ளை அட்டையை அதன் ஒளியில் பிடியுங்கள். ஒளி அளக்கும் செயலியுள்ள கைப்பேசியை அட்டைமேல் ஒட்டி, 60 பாகை திருப்பி, அளவு பாதியாகிறதா என்று மாணவர்களையே படிக்கச் சொல்லுங்கள். பிறகு சுண்ணாம்பு பூசிய ஒரு பானையில் அவர்கள் முகத்தைப் பாய்ச்சுங்கள். லாம்பெர்ட்டின் விதியும் அவுர்ஸ்லரின் கலையும் ஒரே பாடவேளைக்குள் அடங்கும்.